பிள்ளையின் மனச்சிரமமும் இங்கிலாந்துப் பள்ளிக்கூடமும்: பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடம் விடுகிற நேரம், கார் நிறுத்துகிற இடத்தில் யாராவது ஒருவர் காத்துக்கொண்டு நிற்பார். "தங்கச்சி, பள்ளிக்கூடத்தால ஒரு கடிதம், ஒருக்கா வாசிச்சுச் சொல்லுறீங்களோ" என்று ஃபோனை நீட்டுவார். அப்படித் தொடங்கி, மொழிபெயர்க்கக் கூட்டங்களுக்கும் போகத் தொடங்கிவிட்டேன். நான் வக்கீலும் இல்லை, டொக்டரும் இல்லை. ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் எழுதி வைக்கிறேன். இது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் சட்டம் வேறு.

கடிதத்தில எஸ்.ஈ.எம்.எச். எண்டு போட்டிருக்கு. அது என்ன வருத்தம்?

வருத்தமே இல்லை. சமூக, உணர்வு, மனநலச் சிரமங்கள் என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. விசேட உதவி தேவைப்படுகிற பிள்ளைகளின் தேவைகளை இங்கே நான்கு பெரிய வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். தொடர்பாடல், கற்றல், உடல் மற்றும் புலன்கள், நான்காவது இது. 2015 ஜனவரியில் வந்த அரசு வழிகாட்டிக் கோவையில் இருக்கிற பிரிப்பு. பள்ளிகள் இதைக் கருத்தில் எடுத்தே ஆகவேண்டும்.

அதற்கு முன்னர் இந்த வகையின் பெயரிலேயே "நடத்தை" என்ற சொல் இருந்தது. அதை வேண்டுமென்றே எடுத்துவிட்டார்கள். கதிரையைத் தூக்கி எறிவது வெளியே தெரிகிறது. அதற்குக் கீழே பயமோ, துக்கமோ, கவனக்குறைபாடோ இருக்கலாம். இன்னொன்று: கத்துகிற பிள்ளை மட்டும் இந்த வகைக்குள் வருவதில்லை. ஒருவரோடும் கதைக்காமல் மூலையில் இருக்கிற பிள்ளையும் வரும். அந்தப் பிள்ளையைத்தான் கடைசியாகக் கண்டுபிடிக்கிறார்கள்.

அப்ப என்ட பிள்ளைக்கு விசர் எண்டு சொல்லினமோ?

இல்லை. இந்தக் கேள்வியை யாரும் உரக்கக் கேட்பதில்லை. கூட்டம் முடிந்து பஸ் தரிப்பிடத்தில் நிற்கும்போது மெல்லக் கேட்பார்கள். "இந்தப் பிள்ளைக்குப் பள்ளியில் இன்ன உதவி தேவை" என்பதற்கு மேல் அந்தச் சொல்லில் ஒன்றும் இல்லை. சொந்தக்காரருக்கோ கோயிலில் சந்திக்கிறவர்களுக்கோ பள்ளி இதைச் சொல்லாது. வேறு பள்ளிக்கு மாறினால் கோப்பு கூடப் போகும். அது நல்லதுதான், அங்கே பூச்சியத்தில் இருந்து தொடங்கத் தேவையில்லை.

வீட்டில தங்கமான பிள்ளை. பள்ளிக்கூடத்தில மட்டும் ஏன் இப்பிடி?

ஒரு தாய், பள்ளியில் இருந்து ஃபோன் வரும் ஒவ்வொரு முறையும் சமையலறைக் கலண்டரில் ஒரு சின்னப் புள்ளி போட்டு வந்தார். மகன் நான்காம் ஆண்டு. கூட்டத்துக்கு அந்தக் கலண்டரையே கழற்றிக்கொண்டு வந்துவிட்டார், கறிக் கறையோடு. ஏழு புள்ளிகளில் ஆறு புதன்கிழமையில் இருந்தன. புதன் காலையில் வகுப்பு ரீச்சர் பாடம் தயாரிக்கப் போய்விடுவார், பதிலுக்கு வேறொருவர் வருவார். யார் வருவார் என்று பிள்ளைக்குத் தெரியாது. அந்தத் தெரியாமைதான் அவனுக்குத் தாங்க முடியாதது. செவ்வாய் பின்னேரம் ரீச்சர் ஒரு மஞ்சள் ஒட்டுத்தாளில் அடுத்த நாள் வருபவரின் பெயரை எழுதி அவன் கையில் கொடுக்கத் தொடங்கினார். கதிரை பறப்பது பெரும்பாலும் நின்றது.

மற்றப் பக்கமும் உண்டு. பள்ளியில் சத்தமே இல்லாமல் இருந்துவிட்டு, வீட்டுக் கதவு திறந்தவுடன் பையை எறிந்து அழுகிற பிள்ளைகள். நாள் முழுக்க அடக்கி வைத்தது வீட்டில் வெடிக்கிறது. "எங்களுக்கு இங்கே ஒரு பிரச்சினையும் இல்லை" என்று பள்ளி சொன்னால், அது நடக்கிற நேரத்தையும் நாளையும் எழுதிக் கொடுங்கள்.

டொக்டரிட்ட காட்டி ஒரு பேர் கிடைச்சாத்தான் உதவி செய்வினமாமே?

பிழை. எனக்குக் கோபம் வருகிற ஒரே கேள்வி இது, கேட்கிறவர்கள் மேல் அல்ல, அப்படிச் சொல்லி அனுப்புகிறவர்கள் மேல். பள்ளியின் கடமை தேவையைப் பொறுத்தது, நோயின் பெயரைப் பொறுத்தது அல்ல. பிள்ளைகளின் மனநலச் சேவையான காம்ஸில் பெயர் பதிந்தால் மாதக் கணக்கில், சில இடங்களில் வருடக் கணக்கில் காத்திருக்க வேண்டும். அதுவரை பள்ளி கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது.

பள்ளி செய்ய வேண்டியது ஒரு சுற்று: என்ன சிரமம் என்று பார், திட்டம் போடு, செய், சரிவந்ததா என்று திரும்பப் பார். குறைந்தது வருடத்துக்கு மூன்று முறை உங்களைக் கூப்பிட்டுக் கதைக்க வேண்டும் என்று அந்த வழிகாட்டிக் கோவை சொல்கிறது. பெற்றோர் கூட்டத்தில் வரிசையில் நின்று கிடைக்கிற ஐந்து நிமிடம் இதில் சேராது. டொக்டரிடம் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கட்டும்.

சென்கோ எண்டுறது ஆர்? அவவோட என்னத்தைக் கதைக்கிறது?

விசேட தேவைகளுக்குப் பொறுப்பான ஆசிரியர். சாதாரணப் பள்ளி ஒவ்வொன்றிலும் ஒருவர் இருக்க வேண்டும், அவர் தகுதி பெற்ற ஆசிரியராகவும் இருக்க வேண்டும். முதலில் வகுப்பு ரீச்சரோடு கதையுங்கள். இரண்டு மூன்று கிழமையில் ஒன்றும் அசையாவிட்டால் சென்கோவுக்கு எழுதுங்கள். ஃபோனில் கதைத்தாலும், கதைத்து முடிந்ததும் "இன்று நீங்கள் இப்படிச் சொன்னீர்கள்" என்று இரண்டு வரி ஈமெயில் போட்டுவிடுங்கள். எழுத்தில் இல்லாதது ஆறு மாதத்துக்குப் பிறகு நடக்காததாகிவிடும்.

கேட்க வேண்டியது: பிள்ளை விசேட உதவிப் பதிவில் இருக்கிறதா? திட்டத்தின் பிரதி தரமுடியுமா? யார், எந்த நாள், எத்தனை நிமிடம் உதவி செய்கிறார்? "நாங்கள் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறோம்" என்பது இந்தக் கேள்விகளில் ஒன்றுக்கும் பதில் இல்லை.

உதவி எண்டா பக்கத்தில ஒரு ஆளை இருத்துவினமோ?

சில வேளைகளில். ஆனால் நாள் முழுக்க ஒருவர் ஒட்டிக்கொண்டு இருந்தால் மற்றப் பிள்ளைகள் கிட்ட வரமாட்டார்கள். எனக்குத் தெரிந்து நன்றாக வேலை செய்தவை எல்லாம் சின்ன விஷயங்கள். காலையில் வாசலில் ஒரே முகம் வரவேற்பது. மணி அடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்னர் உள்ளே விடுவது. வகுப்பை விட்டு வெளியே போக ஒரு காட்: பஸ் காட் அளவு, காட்டினால் ரீச்சர் கேள்வி கேட்காமல் விட வேண்டும். ஒரு பெண் பிள்ளை அதை ஒரு தவணை முழுக்க ஒருமுறைகூடக் காட்டவில்லை, பிளேசர் பொக்கற்றில் வைத்துத் தடவித் தடவி மூலைகள் பஞ்சாகிவிட்டன. அது இருக்கிறது என்ற நினைப்பே அவளுக்குப் போதுமாக இருந்தது.

சில பள்ளிகளில் எல்சா என்று ஒருவர் இருப்பார். கல்வி உளவியலாளர்கள் பயிற்சி கொடுத்த உதவி ஆசிரியர், கிழமைக்கு ஒருமுறை பிள்ளையோடு இருந்து உணர்வுகளைப் பற்றிக் கதைப்பார், விளையாடுவார். சில பிறைமரிப் பள்ளிகளில் நேர்ச்சர் குரூப் உண்டு. மார்ஜரி பொக்ஸோல் என்ற கல்வி உளவியலாளர் 1970-ஐ ஒட்டி லண்டன் ஹக்னியில் தொடங்கிய முறை: சின்ன வகுப்பு, இரண்டு பெரியவர்கள், ஒரே மேசையில் சேர்ந்து வாட்டிய பாண் (ரோஸ்ற்) சாப்பிடுவது. "படிக்க அனுப்பினா பாண் சாப்பிடுறானாம்" என்று ஒரு தகப்பன் முறைப்பட்டார். பாண் துண்டைப் பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுத் தன் முறைக்குக் காத்திருப்பதுதான் அங்கே பாடம்.

இங்கிலீஷ் காணாது, அதுதான் இப்பிடி எண்டு ரீச்சர் சொல்லுறா.

ஆங்கிலம் தெரியாதது மட்டும் விசேட தேவை ஆகாது என்று அந்த வழிகாட்டிக் கோவையே சொல்கிறது. அது சரி. ஆனால் எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தையே காரணமாகச் சொல்லிவிட்டு இருப்பதும் சரியில்லை. தமிழிலும் பிள்ளை அப்படித்தானா? அம்மம்மாவோடு கதைக்கும்போதும் கண்ணைப் பார்ப்பதில்லையா? ஊரில் இருக்கும்போதும் நித்திரையில் எழும்பி அழுததா? இவற்றைச் சொல்லக்கூடிய ஒரே ஆட்கள் நீங்கள். போரையோ, பிரிவையோ, நீண்ட பயணத்தையோ கடந்து வந்த பிள்ளை என்றால் அதையும் சொல்லுங்கள், விவரம் சொல்ல விருப்பமில்லாவிட்டால் ஒரு வரியில்.

வீட்டுக் கதையளைச் சொன்னா சோசல் சேர்விஸ் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிடும்.

இந்தப் பயத்தை வைத்துக்கொண்டு மூன்று வருடம் வாய் திறக்காமல் இருந்தவர்களைத் தெரியும். சமூக சேவையாளர் ஒருவர் தன் விருப்பத்துக்குப் பிள்ளையைக் கொண்டுபோக முடியாது. பெற்றோரின் சம்மதம் வேண்டும், இல்லாவிட்டால் நீதிமன்ற உத்தரவு வேண்டும். உடனடி ஆபத்து என்றால் பொலிஸ் 72 மணிநேரம் வரை பிள்ளையைப் பாதுகாப்பில் எடுக்கலாம், அவ்வளவுதான். கணவன் மனைவி சண்டை, தாயின் மனச்சோர்வு, கடன் என்று சொன்னதற்காகப் பிள்ளையை எடுப்பதில்லை. பெரும்பாலும் உதவிக்கு ஆள் அனுப்புவார்கள்.

மறைக்காமல் ஒன்றைச் சொல்லவேண்டும். பிள்ளை "அப்பா அடிக்கிறவர்" என்று சொன்னால் பள்ளி அதை மேலே அறிவித்தே தீரும், ரீச்சர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். ஊரில் நாங்கள் அடி வாங்கித்தானே வளர்ந்தோம் என்ற கதை கூட்டத்தில் எடுபடாது. எடுபடவும் கூடாது.

மகளின்ட கையில கீறல் கண்டனான். பள்ளிக்கூடத்துக்குச் சொல்லலாமோ?

சொல்லுங்கள், அன்றைக்கே. பிள்ளைகள் பாதுகாப்புக்குப் பொறுப்பான ஒருவர் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கிறார். அதோடு குடும்ப டொக்டரான ஜீ.பி.யிடமும் போங்கள். உயிருக்கு ஆபத்து என்று பட்டால் 999, அல்லது நேரே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு. அந்த அளவு இல்லை, ஆனால் இரவைக் கடத்தப் பயமாக இருக்கிறது என்றால் 111-க்கு எடுத்து இரண்டாம் இலக்கத்தை அழுத்துங்கள், மனநல அவசர உதவிக்குப் போகும். பிள்ளை தானாகக் கதைக்க விரும்பினால் சைல்ட்லைன் 0800 1111 இலவசம்.

பிள்ளையிடம் "ஏன் எங்களை அவமானப்படுத்துறாய்" என்று தொடங்கவேண்டாம். "கண்டனான், பயந்து போனன், பக்கத்தில இருக்கிறன்" என்பது முதல் நாளுக்குக் காணும்.

"இண்டைக்கு மட்டும் கூட்டிக்கொண்டு போங்கோ" எண்டு கிழமைக்கு ரெண்டு தரம் ஃபோன் வருது. வேலையும் போகப்போகுது.

அமைதியாகட்டும் என்று பதிவில்லாமல் வீட்டுக்கு அனுப்புவது சட்டத்துக்கு மாறானது, நீங்கள் சம்மதித்தாலும். பிள்ளையை வெளியே அனுப்புவதென்றால் இடைநிறுத்தம் என்று பதிய வேண்டும், தலைமை ஆசிரியர் மட்டுமே அதைச் செய்யலாம், காரணத்தோடு கடிதம் தரவேண்டும். ஒரு கல்வியாண்டில் மொத்தம் 45 பள்ளி நாட்களுக்கு மேல் முடியாது. முதல் ஐந்து நாளும் பள்ளி வேலை கொடுத்துத் திருத்த வேண்டும், அதற்கு மேல் நீண்டால் ஆறாம் நாளில் இருந்து வேறு இடத்தில் படிப்புக்கு ஒழுங்கு செய்யவேண்டும். அந்த முதல் ஐந்து நாளும் பள்ளி நேரத்தில் பிள்ளை கடைத்தெருவில் நிற்காமல் பார்ப்பது உங்கள் பொறுப்பு.

அடுத்த ஃபோன் வரும்போது ஒரே கேள்வி: "இது இடைநிறுத்தமா? என்றால் கடிதம் தாருங்கள்." சிலர் இதைக் கேட்கப் பயப்படுகிறார்கள், பதிவில் கறை விழுமாம். பதிவே இல்லாவிட்டால், பிள்ளைக்கு உதவி போதவில்லை என்று பிறகு எதை வைத்துக் காட்டுவீர்கள்? அரைநாள் அட்டவணையும் இப்படித்தான். உங்கள் சம்மதத்தோடு, கொஞ்சக் காலத்துக்கு, முடிவுத் திகதி போட்டு மட்டும்.

ஒரேயடியா நிப்பாட்டிப்போட்டினம். இனி என்ன?

கடிதத்தில் உள்ள திகதியைப் பாருங்கள். நிரந்தர நீக்கம் என்றால் பள்ளி ஆளுநர் சபை 15 பள்ளி நாட்களுக்குள் கூடி, பிள்ளையைத் திரும்பச் சேர்ப்பதா என்று பார்க்கவேண்டும். நீங்கள் போகலாம், ஆள் கூட்டிப்போகலாம். அவர்களும் சேர்க்க மாட்டோம் என்றால், அந்த முடிவு கிடைத்து 15 பள்ளி நாட்களுக்குள் சுயாதீன மீளாய்வுக் குழுவைக் கேட்கலாம். விசேட தேவை நிபுணர் ஒருவர் அதில் இருக்கவேண்டும் என்று கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு, பிள்ளைக்கு விசேட தேவை இருப்பதைப் பள்ளி ஏற்காவிட்டாலும். அதற்கு நீங்கள் காசு கட்டத் தேவையில்லை. ஆறாம் பள்ளி நாளில் இருந்து படிப்புக்கு ஒழுங்கு செய்வது உள்ளூராட்சிக் கவுன்சிலின் பொறுப்பு.

12 மாதமாவது நீடித்த அல்லது நீடிக்கக்கூடிய, அன்றாட வாழ்க்கையைக் கணிசமாகப் பாதிக்கிற மனநலச் சிரமம் 2010 சமத்துவச் சட்டத்தின்படி மாற்றுத்திறன் ஆகலாம். அப்படியென்றால் பள்ளி தன் விதிகளை நியாயமான அளவு வளைத்துக் கொடுத்ததா என்ற கேள்வி வரும். கலண்டர், ஈமெயில் எல்லாம் இங்கேதான் கைகொடுக்கும்.

"வீட்டில வைச்சுப் படிப்பிக்கிறம் எண்டு எழுதித் தாங்கோ, பதிவில நீக்கம் எண்டு வராது" எண்டினம்.

எழுதிக் கொடுக்கவேண்டாம். கொடுத்தால் பள்ளி இடம் போய்விடும், படிப்பின் பொறுப்பும் செலவும் உங்கள் தலையில். வீட்டில் படிப்பிப்பது உங்கள் சொந்த விருப்பம் என்றால் அது வேறு கதை. பள்ளியின் வசதிக்காகப் பிள்ளையைப் பதிவில் இருந்து எடுக்கச் சொல்லி நெருக்கக்கூடாது. "இந்த யோசனையை ஈமெயிலில் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறோம்" என்று சொல்லிவிட்டு எழும்பி வந்துவிடுங்கள். ஒரு குடும்பத்துக்கு அந்த ஈமெயில் இன்றுவரை வரவில்லை.

காலமை எழும்பவே மாட்டன் எண்டு குளறுறா. ஃபைன் வருமோ?

பத்துப் பள்ளிக் கிழமைகளுக்குள் அனுமதியில்லாத அரைநாட்கள் பத்து சேர்ந்தால் அபராதம் பற்றி யோசிப்பார்கள். முதல் முறை என்றால் ஒரு பிள்ளைக்கு, ஒரு பெற்றோருக்கு 160 பவுண், 21 நாளுக்குள் கட்டினால் 80. ஆனால் மனநலக் காரணத்தால் வரமுடியாததும் சுகயீனம்தான், காய்ச்சல் போலவே பதியவேண்டும். உண்மையான சந்தேகம் இருந்தால்தான் மருத்துவச் சான்று கேட்கலாம். ஆகவே ஒவ்வொரு நாளும் காலையில் "பதற்றத்தால் வரமுடியவில்லை" என்றே சொல்லுங்கள். வயிற்றுவலி என்று மாற்றிச் சொன்னால் பிறகு காட்ட ஒன்றும் இருக்காது.

மொத்தம் 15 பள்ளி நாளோ அதற்கு மேலோ போகும் என்று தெரிந்தால், பொருத்தமான படிப்புக்கு ஒழுங்கு செய்வது கவுன்சிலின் கடமை. 1996 கல்விச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு. அந்த இலக்கத்தைச் சொல்லியே எழுதுங்கள்.

ஈ.எச்.சி.பி. இவனுக்குக் கிடைக்காது எண்டு பள்ளிக்கூடம் சொல்லுது. நாங்களாப் போடலாமோ?

போடலாம். பள்ளியின் உதவி மட்டும் போதாத பிள்ளைக்குக் கவுன்சில் சட்டப்படி எழுதித் தருகிற திட்டம் அது. அதில் எழுதிய உதவியை ஒழுங்கு செய்தே ஆகவேண்டும், அதுதான் அதன் பெறுமதி. ஒரு பிள்ளைக்கு வருடம் 6,000 பவுண் வரையான மேலதிகச் செலவைப் பள்ளி தன் பணத்தில் பார்க்கவேண்டும் என்பது எதிர்பார்ப்பு. அதைச் செலவழித்துக் காட்டினால்தான் விண்ணப்பிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். சட்டத்தில் அப்படி இல்லை. விசேட தேவை இருக்கக்கூடும், திட்டம் தேவைப்படக்கூடும், இவ்வளவுதான் மதிப்பீட்டுக்கான அளவுகோல்.

விண்ணப்பம் கிடைத்து ஆறு கிழமைக்குள் மதிப்பீடு செய்வதா என்று சொல்லவேண்டும். முழு வேலையும் 20 கிழமை. நடைமுறையில் பிந்துகிறது, பிந்தினால் முறைப்பாடு எழுதுங்கள். திட்டத்தின் வரைவு வந்தால் உங்கள் கருத்தைச் சொல்ல 15 நாள் தருவார்கள். "உதவி கிடைக்கக்கூடும்", "தேவைப்படும்போது" என்ற சொற்களைத் தேடிப் பிடியுங்கள். எத்தனை மணிநேரம், யார் என்று அந்த இடங்களில் இருக்கவேண்டும்.

கவுன்சில் மாட்டன் எண்டு எழுதிப்போட்டுது. கோர்ட்டுக்குப் போக எங்களிட்ட ஏது காசு?

விசேட கல்வித் தீர்ப்பாயத்துக்குப் போகக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. கடிதத் திகதியில் இருந்து இரண்டு மாதம், அல்லது சமரசச் சான்றிதழ் (கவுன்சிலோடு சமரசம் பேசுவது பற்றி முதலில் கேட்டறிந்ததற்கான தாள்) கிடைத்து ஒரு மாதம், எது பிந்தியதோ அது. சமரசத்துக்குப் போகாவிட்டாலும் அந்தச் சான்றிதழ் வேண்டும், ஒரு ஃபோனில் எடுக்கலாம். தீர்ப்புவரை போகிற வழக்குகளில் மிகப் பெரும்பான்மை ஏதாவது ஒரு வகையில் பெற்றோர் பக்கம்தான் முடிகிறது. ஒவ்வொரு கவுன்சில் பகுதியிலும் சென்டியாஸ் என்ற இலவச ஆலோசனைச் சேவை இருக்கிறது. இப்சியா என்ற தொண்டு அமைப்பு மாதிரிக் கடிதங்களை இணையத்தில் வைத்திருக்கிறது.

எங்களுக்கு இன்னும் விசா சரிவரேல்லை. இதுகளைக் கேட்டாக் கேசுக்குப் பாதிப்போ?

அரச பள்ளியில் பிள்ளைக்குக் கிடைக்கிற கல்வியும் விசேட உதவியும், ஈ.எச்.சி.பி. உட்பட, விசாவில் சொல்கிற "பொது நிதி"க்குள் வராது. டி.எல்.ஏ. என்ற பிள்ளைகளுக்கான கொடுப்பனவு வரும். அதற்கு விண்ணப்பிக்க முன்னர் குடிவரவு வக்கீலிடம் கேளுங்கள்.

மகனுக்கு இங்கிலீஷ் தண்ணிமாதிரி. கூட்டத்தில அவனே மொழிபெயர்க்கட்டுமே?

பதினொரு வயதுப் பையன் ஒருவன் தன் கூட்டத்துக்குத் தானே மொழிபெயர்த்தான். தலைமை ஆசிரியர் ஐந்து நிமிடம் கதைத்தார், கையில் மூன்று சம்பவ அறிக்கைகள். அவன் தாயின் பக்கம் திரும்பி, "நான் நல்லாத்தான் செய்யிறனாம், கொஞ்சம் கூடக் கதைக்கிறனாம்" என்றான். தாய் சிரித்துத் தலையாட்டினார். தலைமை ஆசிரியரோ, தாய் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டார் என்று எழுதிக்கொண்டார். அந்தத் தாளைப் பிறகு நான்தான் வாசித்துச் சொன்னேன்.

தாய் தகப்பன் அழுதால் அதையும் பிள்ளையே மொழிபெயர்க்க வேண்டிவரும். ஆகவே கூட்டத் திகதி வந்த உடனே மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று ஈமெயில் போடுங்கள், இலங்கைத் தமிழ் என்றும் குறிப்பிடுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் ஃபோன் வழியாகச் செய்கிற சேவைகள் உண்டு. அதுவும் சரிவராவிட்டால் கூட்டத்தைத் தள்ளிப்போடக் கேளுங்கள், ஒரு கிழமை பிந்தினாலும் பரவாயில்லை.